ஆடு நனைந்தால் ஓநாய் அழுமா?

'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.' பாட்டியோ தமிழாசிரியரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யாராவது பொய்யாகப் பரிவு காட்டினால் உடனே இந்தப் பழமொழி வந்து விழும். ஒரே வரியில் ஓநாய்க்குத் திருடன், நடிகன், வஞ்சகன் என்று மூன்று பட்டங்கள்!

ஐரோப்பாவில் ஓநாயின் பெயர் இன்னும் மோசம். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை உங்களுக்குத் தெரியும். பிரான்சு நாட்டின் சார்ல் பெரோ 1697-ல் அதை அச்சிட்டபோது, ஓநாய் பாட்டியை விழுங்கும், பேத்தியையும் விழுங்கும், கதை அங்கேயே முடிந்துவிடும். வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு வெளியே எடுப்பதெல்லாம், 1812-ல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் வருவது.

இந்தக் கதைகளையும் பழமொழிகளையும் யார் சொல்லியிருப்பார்கள்? ஆடு மாடு வைத்துப் பிழைத்தவர்கள்தான். கிடையிலிருந்து இரண்டு ஆடு போனால் அந்த மாதச் செலவுக்கு என்ன செய்வது? அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோபமாக இருப்பவர் சொல்வதை மட்டும் கேட்டு ஒருவரைப் பற்றி முடிவுகட்டக் கூடாது, இல்லையா? ஓநாயை நேரில், பொறுமையாக, ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

அதற்கு முன் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூட்டமாகத் திரியும் செந்நாய், ஓநாய் அல்ல. அது தனி இனம். வயல்காட்டுப் பக்கம் ஓடும் குள்ளநரியும் வேறு. ஓநாய்க்கு மிக நெருங்கிய சொந்தம் உங்கள் தெருவில் படுத்திருக்கிறது. ஆமாம், நாய்தான்! குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, மனிதரோடு ஒட்டிக்கொண்ட பழங்கால ஓநாய்களிலிருந்து வந்தவைதான் எல்லா நாய்களும். சினிமாவில் ஓநாயைக் கன்றுக்குட்டி அளவுக்குக் காட்டுவார்கள். கனடாவின் பெரிய ஓநாய்கள் 40, 50 கிலோ இருக்கும் என்பது உண்மை. நம் இந்திய ஓநாய் சுமார் 20 கிலோதான். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த லாப்ரடார் நாய் அதைவிடக் கனம்.

இனி ஒரு பெரிய தவறைப் பார்ப்போம். இதைச் செய்தவர்கள் பாட்டிகள் அல்ல, விஞ்ஞானிகள்.

'ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் இருப்பான். மற்றவற்றோடு சண்டைபோட்டு, கடித்து, அடக்கித்தான் அந்தப் பதவியைப் பிடிப்பான். அவன் பெயர் ஆல்ஃபா.' இப்படி எங்கேயாவது படித்திருப்பீர்கள். உங்கள் அண்ணன்கள் இப்போது 'ஆல்ஃபா ஆம்பளை' என்றெல்லாம் பேசுகிறார்களே, அதற்கும் வேர் இங்கேதான். ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து, 1947-ல் ஒரு கட்டுரை எழுதினார். அடைப்புக்குள் இருந்த அந்த ஓநாய்கள் ஓயாமல் சண்டை போட்டன. ஒன்றை ஒன்று அடக்கின. அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் எங்கே வைத்துப் பார்த்தார் என்பதுதான் சிக்கல்.

முன்பின் தெரியாத பத்துப் பேரைப் பிடித்து ஒரே அறையில் மாதக்கணக்கில் பூட்டிவையுங்கள். மின்விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்றே முதல் நாள் சண்டை வந்துவிடும். வெளியே நின்று அதைப் பார்த்த ஒருவர், 'மனிதக் குடும்பம் என்பது இப்படித்தான் இருக்கும்' என்று புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும்? ஓநாய்க்கு நடந்தது அதுதான்.

அமெரிக்காவின் டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970-ல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு 1986 முதல் கோடைக்காலங்களில் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போய் அவர் காட்டு ஓநாய்களைக் கவனித்தார். மனிதர் யாரும் வேட்டையாடாத இடம் என்பதால் அந்த ஓநாய்களுக்கு அவரைக் கண்டு பயமே இல்லை. குகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க முடிந்தது. அங்கே பதவிச் சண்டையைக் காணோம். அம்மா, அப்பா, இந்த ஆண்டுக் குட்டிகள், போன ஆண்டுக் குட்டிகள். அவ்வளவுதான் கூட்டம்! பெரியவை முன்னே போகின்றன, சின்னவை பின்னே போகின்றன. பெற்றோர் என்பதால்தான் அவை தலைமை தாங்குகின்றன, யாரையும் அடித்து வீழ்த்தியதால் அல்ல.

மீச் 1999-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டு, காட்டு ஓநாய்களுக்கு 'ஆல்ஃபா' என்ற பெயர் பொருந்தாது என்று சொன்னார். தன்னுடைய பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல்தான் அது நின்றது. நன்றாக விற்கும் தன் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் போராடிய எழுத்தாளர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அறிவியல்காரர்களில் எனக்குப் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

இன்னொரு படம் இருக்கிறது. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குறைந்தது இரண்டு மாமாக்களாவது அனுப்பியிருப்பார்கள். வெள்ளை வெளேர் என்ற பனியில் 25 ஓநாய்கள் ஒற்றை வரிசையில் நடக்கின்றன. 'முதல் மூன்றும் வயதானவை, நோயாளிகள். வேகத்தை அவைதான் தீர்மானிக்கும். கடைசியில் தனியாக வருபவன் தலைவன். எல்லோரையும் காத்துக்கொண்டு வருகிறான். இதுவே தலைமைப் பண்பு!' என்று கீழே உபதேசம் இருக்கும். படம் உண்மையானது. பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடருக்காகக் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் சேடன் ஹண்டர் எடுத்தது. உபதேசம்தான் கற்பனை. கூட்டத்தை நடத்திச் சென்றது அம்மா ஓநாய். பனியில் ஒவ்வொரு அடியும் புதையும், காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டும். முன்னே போவது பனியை மிதித்துத் தடம் போட்டுவிட்டால், அதே தடத்தில் பின்னால் வருபவற்றுக்குச் சக்தி மிச்சம். அந்தக் கடினமான வேலையை நோயாளியிடம் யாராவது கொடுப்பார்களா?

கவனித்தீர்களா? பழைய கதை ஓநாயை வில்லனாக்கியது, வாட்ஸ்அப் கதை அதை மகானாக்கிவிட்டது. இரண்டு பேருமே ஓநாயைப் பார்க்கவில்லை.

உண்மையாகப் பார்த்தவர்களிடம் இதைவிட நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 70 ஆண்டுகள் கழித்து, 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 8-ஆம் எண் ஓநாய் நான்கு சகோதரர்களில் சின்னது. மற்ற மூன்றும் அதைச் சீண்டிக்கொண்டே இருந்தன. அதே காலத்தில் 9-ஆம் எண் பெண் ஓநாயின் துணையை ஒருவர் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொன்றுவிட்டார். அதற்குப் பிறந்த குட்டிகளோ எட்டு! அந்தக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தது யார் தெரியுமா? நம் சின்ன 8-ஆம் எண். இன்னும் முழுதாக வளர்ந்துகூட முடியாத அது, தனக்குப் பிறக்காத எட்டுக் குட்டிகளுக்கும் இரை தேடிக் கொடுத்தது, விளையாட்டுக் காட்டியது, வளர்த்தது. அந்த எட்டில் ஒன்றுதான் பின்னாளில் யெல்லோஸ்டோனில் புகழ்பெற்ற 21-ஆம் எண் ஓநாய்.

குட்டிகளுக்கு எப்படி ஊட்டும் என்று கேட்பீர்கள். வேட்டையாடிய இடம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கறியை வாயில் கவ்விக்கொண்டே அவ்வளவு தூரம் வருவது கஷ்டம். வயிறு நிறையத் தின்றுவிட்டு வீட்டுக்கு வரும். குட்டிகள் ஓடிவந்து அதன் வாயை நக்கும். உடனே அது கக்கிவிடும். சூடான சாப்பாடு தயார்! முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் பள்ளி விட்டு வந்ததும் உங்கள் நாய் தாவி முகத்தை நக்குகிறதே, அது இந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஓநாய் எப்போதும் கூட்டமாகவே இருக்குமா? இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். யாரோடும் ஒட்டாத முரட்டுத் தனி ஓநாய் என்று கதைகளில் வருகிறதே, அது பெரும்பாலும் துணை தேடி அலையும் இளவட்டம்தான்.

ஸ்லோவேனியா நாட்டில் 2011-ல் ஓர் இளம் ஆண் ஓநாயைப் பிடித்து, இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் கழுத்துப்பட்டையை மாட்டி விட்டார்கள். ஸ்லாவ்ஸ் என்று பெயர். அந்த ஆண்டு டிசம்பரில் அது நடக்கத் தொடங்கியது. சாலைகளைத் தாண்டியது, திராவா ஆற்றை நீந்திக் கடந்தது, ஆஸ்திரியாவுக்குள் போய் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஏறி இறங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே லெசீனியா மலைப்பகுதியை அடைந்தது. அங்கேயும் ஒரு பெண் ஓநாய் தனியாகத் திரிந்துகொண்டிருந்தது! ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகம் நடப்பது இதே வெரோனாவில்தான். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண் ஓநாய்க்கு ஜூலியட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாடகம்போல இது சோகமாக முடியவில்லை. 2013-ல் குட்டிகள் பிறந்தன.

அடுத்து ஊளை. முழுநிலா, பாறை, அதன்மேல் தலையைத் தூக்கி நிற்கும் ஓநாய். டி-சட்டையில்கூட இந்தப் படம் இருக்கும். ஓநாய்க்கும் நிலாவுக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. அமாவாசையிலும் அது ஊளையிடும். மாலையிலும் இரவிலும் விடியற்காலையிலும் அதிகம் நடமாடும் விலங்கு என்பதால், நாம் கேட்கும்போது வானத்தில் நிலா இருந்துவிடுகிறது. முகத்தை மேலே தூக்குவது ஒலி தொலைவுக்குப் போவதற்காக. காட்டுக்குள் 10 கிலோமீட்டர் வரைகூட ஊளை கேட்கும். 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்று சொந்தங்களைத் தேடவும், 'இது எங்கள் எல்லை, உள்ளே வராதே' என்று அடுத்த கூட்டத்தை எச்சரிக்கவும் அது ஊளையிடுகிறது.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. சேர்ந்து ஊளையிடும்போது ஒவ்வொரு ஓநாயும் வேறு வேறு சுருதியில் பிடிக்கும், நடுவில் மாற்றிக்கொண்டும் இருக்கும். அதனால் சில ஓநாய்கள் பெரிய பட்டாளம்போலக் கேட்கும். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான யுலிசஸ் கிராண்ட், இளம் ராணுவ அதிகாரியாக டெக்சாஸ் புல்வெளிகளில் குதிரையில் போனபோது ஊளை கேட்டது. எத்தனை ஓநாய் இருக்கும் என்று கூட வந்தவர் கேட்டார். தான் அதிகமாகச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்ப்பதாகச் சந்தேகித்து, மனத்தில் பட்டதைக் குறைத்து 'இருபது' என்றார் கிராண்ட். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு! இந்த அசட்டுக் கதையை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

வேட்டையில் ஓநாய் பெரிய சூரன் என்றும் ஒரு நினைப்பு. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில், நாம் மேலே பார்த்த அதே மீச், இளைஞராக இருந்தபோது சிறு விமானத்தில் பறந்து ஓநாய் வேட்டைகளைக் கணக்கெடுத்தார். ஓநாய்கள் கண்டுபிடித்த மூஸ் மான்கள் 131. கொல்ல முடிந்தவை 6! சில ஓடித் தப்பின. சில ஓடாமல் நின்று முறைத்தன. மூஸின் ஒரே உதை ஓநாயின் விலாவை உடைத்துவிடும் என்பதால் ஓநாய்களே விலகிப் போய்விட்டன. அதனால்தான் அவை நோயுற்றதையும் வயதானதையும் குட்டியையும் தேடுகின்றன.

சரி, ஓநாய் மனிதரைத் தாக்குமா? தாக்கும். ஓநாய்மேல் உள்ள அன்பால் சிலர் 'தாக்கவே தாக்காது' என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. நார்வே நாட்டின் இயற்கை ஆய்வு நிறுவனம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2002 முதல் 2020 வரை உலகெங்கும் ஓநாயால் தாக்கப்பட்டவர்கள் என்று அது கணக்கிட்டது 489 பேரை. இறந்தவர்கள் 26 பேர். தாக்கப்பட்டவர்களில் 380 பேரைக் கடித்தவை வெறிநோய் பிடித்த ஓநாய்கள். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான ஓநாய்கள் வாழும் நாடுகளில், தாக்கப்பட்டவர்கள் 14 பேர்தான். இதோடு வைத்துப் பார்க்க இன்னொரு எண்: உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்க்கடியால் வருவது. பயப்பட வேண்டியது தடுப்பூசி போடாத நாயின் கடிக்குத்தான்.

ஆனால் 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் சின்னக் குழந்தைகளைத் தூக்கிச் சென்றதும் உண்மை. அந்த மாநிலத்தில் 1996-லும் இப்படி நடந்திருக்கிறது. காட்டு இரை குறைந்துபோன பகுதிகளில், கதவில்லாத வீடுகளில், வெளியில் தூங்கும் ஏழைக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து வருகிறது. அங்குள்ள ஓர் அம்மாவிடம் போய், 'ஓநாய் நல்ல பிராணி' என்று நாம் பாடம் நடத்த முடியாது. அந்த வீடுகளுக்குக் கதவும் விளக்கும் கிடைக்க வேண்டும். மனிதரைத் தாக்கப் பழகிவிட்ட அந்தச் சில ஓநாய்களைப் பிடிக்கவும் வேண்டும். நாட்டிலுள்ள எல்லா ஓநாய்களையும் அதற்காகக் குற்றவாளி ஆக்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், 'ஓநாய்கள் வந்ததும் மான்கள் ஓடின, மரங்கள் வளர்ந்தன, ஆறுகளே திசை மாறின' என்று யெல்லோஸ்டோனைப் பற்றி ஓர் அழகான காணொளி சுற்றுகிறது. கொஞ்சம் உண்மை, நிறைய மிகை. எல்க் மான்கள் குறைந்ததற்குக் கரடி, பூமா, மனித வேட்டை எல்லாமே காரணம். 20 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு, அங்குள்ள ஓடைக்கரை வில்லோ செடிகள் பல இடங்களில் இன்னும் பழையபடி மீளவில்லை என்கிறது. கெட்டுப்போன நிலத்தை ஒரே ஒரு விலங்கு வந்து மந்திரம்போல் சரிசெய்துவிடாது.

கடைசியாக நம் நாட்டு ஓநாய். இந்திய ஓநாயின் மரபணுவை ஆராய்ந்து 2021-ல் ஒரு முடிவு வந்தது. உலகின் மற்ற ஓநாய்களிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து வந்த வம்சங்களில் இது ஒன்று. எவ்வளவு மிச்சம் இருக்கிறது தெரியுமா? 2022-ல் செய்த மதிப்பீடு சுமார் 3,100. அதே ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் புலிகள் 3,682. புலியைவிட ஓநாய் குறைவு! ஓநாயும் புலியைப்போலவே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உச்சப் பாதுகாப்பு பெற்ற விலங்குதான். ஆனால் புலிக்கு 50-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருக்கின்றன. ஓநாய்க்கென்று இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஜார்க்கண்டில் மகுவாடாண்ட், கர்நாடகத்தில் மேலுக்கோட்டை, இப்படிச் சில.

காரணம், இந்திய ஓநாய் அடர்ந்த காட்டில் வாழ்வதில்லை. அதற்கு வேண்டியது மகாராட்டிரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் பக்கம் விரிந்து கிடக்கும் வறண்ட புல்வெளி. வெளிமானும் முயலும் ஓடும் இடம். ஆட்டுமந்தைகளும் அங்கேதான் மேயும். அவ்வப்போது போகும் ஓர் ஆட்டை ஓநாயின் பங்கு என்று விட்டுவிடும் மேய்ப்பர்களும் தக்காணத்தில் இருக்கிறார்கள். அரசுக் கணக்கில் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி 'தரிசு நிலம்'. தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே தொழிற்சாலை கட்டலாம், சூரியப் பலகை பரப்பலாம், வரிசையாக மரம் நடலாம். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். போதாததற்கு ஊர் நாய்கள் நோயைக் கொண்டுபோய் ஓநாய்களுக்குக் கொடுக்கின்றன, அவற்றோடு இனம் கலக்கவும் செய்கின்றன. புனே அருகே அப்படிப் பிறந்த கலப்புக் குட்டிகளை மரபணுச் சோதனை உறுதிசெய்திருக்கிறது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கு மரக்கன்று நடும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். தாராளமாக நடுங்கள்: வீட்டு வாசலில், பள்ளி வளாகத்தில், சாலையோரத்தில், குளக்கரையில். புல்வெளியில் மட்டும் நடாதீர்கள். மரம் இல்லாத இடம் எல்லாம் வெறும் இடம் என்று யாராவது சொன்னால், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.